பாய்லருக்கு எடுத்து வைத்த கட்டை

பட்டி வைப்பதில் எனக்கு நல்ல பெயர் உண்டு மேடம். அம்பத்தூர் எஸ்டேட்டில் எந்த வார்ப்படப் பட்டறையில் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். இரும்பை உருக்கி ஊற்றுவதற்கு முன்னால் அதே உருவத்தை மரத்தில் செய்து மணலில் அழுத்துவார்கள். அந்த மர உருவத்துக்குப் பேட்டர்ன் என்று பேர். அதைச் செய்வது என் வீட்டுக்காரர் ராஜசேகரன். அதில் இருக்கும் ஓட்டை, விரிசல், ஆணித் தடம் எல்லாவற்றையும் அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வழவழவென்று ஆக்கிக் கொடுப்பது நான். அதே மரத்தின் தூளைப் பசையில் குழைத்து வைத்தால், விரிசல் இருந்த இடம் அந்த மரத்தை அறுத்தவனுக்கே தெரியாது. இருபத்திரண்டு வருஷமாக இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

சுசீலா என்று எழுதிக்கொள்ளுங்கள். வயது நாற்பத்தாறு. கள்ளிக்குப்பம். வீட்டுக்குப் பின்னாலேயே பட்டறை, அது உங்களுக்கே தெரியும். மே மாதம் விசாரணைக்கு வந்திருந்தபோது, அந்தக் கட்டையை மெஷினுக்கு எடுத்துக் கொடுத்தது யார் என்று என்னைக் கேட்டீர்கள். விஷ்ணுவே எடுத்துக்கொண்டான் என்றேன். நீங்களும் விபத்து என்று எழுதிக்கொண்டு, நான் போட்ட காபியில் பாதியைக் குடித்துவிட்டுப் போய்விட்டீர்கள். உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. அந்தக் கேள்விக்குத்தான் சரியான பதில் சொல்ல வந்திருக்கிறேன். அவசரப்படுத்தாமல் கேட்டால் வரிசையாகச் சொல்லிவிடுவேன்.

விஷ்ணு என் தங்கை சுதாவின் புருஷன். கல்யாணத்துக்கு முன்பிருந்தே எங்கள் பட்டறையில் கடைசல் வேலை பார்த்தவன். சுழல்கிற மரத்தில் உளியை வைத்தால் அவன் கைக்குக் கீழே அது வெண்ணெய் மாதிரி வழியும். முறை மாறின பிறகும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான். சுதா காய்ச்சலில் போனாள். அப்போது குழந்தை கிருஷ்ணப்பிரியாவுக்கு எட்டு மாசம். எனக்கு வயிற்றில் தங்கியதே இல்லை, மூன்று முறையும் போய்விட்டது. பொய் சொல்ல வரவில்லை மேடம், உள்ளதைச் சொல்கிறேன். சுதாவைத் தூக்கிக்கொண்டு போன அன்று சாயந்திரம் குழந்தையை என் மடியில் போட்டார்கள். தங்கச்சி செத்த துக்கம் அப்போதே பாதி குறைந்துவிட்டது.

விஷ்ணு ஓசூரில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போய்விட்டான். இரண்டு மாசத்துக்கு ஒருதரம் வருவான், பொம்மை வாங்கி வருவான், மறுநாள் போய்விடுவான். அப்படியே இருந்திருந்தால் யாருக்கும் ஒரு கஷ்டமும் இல்லை. போன வருஷம் இன்னொரு கல்யாணம் செய்துகொண்டு திருநின்றவூரில் வாடகைக்கு வீடு பிடித்தான். அந்தப் பெண்ணின் பேரை நான் சொல்வதில்லை. நல்ல பெண்தான். ஒருதரம் அவனோடு வந்திருந்தபோது பிரியாவுக்குச் சிக்கெடுத்துப் பின்னல் போட்டுவிட்டாள், பிரியாவும் ஆட்டாமல் தலையைக் கொடுத்தாள். என்னிடம் அந்தக் கழுதை ஒருநாளும் அப்படி உட்கார்ந்ததில்லை.

பிப்ரவரியில் வந்து கேட்டான்.

"அக்கா, பாப்பாவ நானே வெச்சிக்கிறேன்க்கா. இத்தினி வருஷம் நீ பாத்துக்கினே. அந்தக் கடன எந்த ஜென்மத்துல தீக்கறதுன்னு தெரில. ஆனா அவ என் பொண்ணுக்கா."

"இப்ப இன்னா அவசரம்? ஒண்ணாங்கிளாஸ் முடிக்கட்டும்பா," என்றேன்.

என் வீட்டுக்காரர்தான் நடுவில் பேசினார். "புள்ளைக்கு உன்ன சரியாத் தெரியாது விஷ்ணு. திடீர்னு தூக்கிக்கினு போனா ஏங்கிப்பூடும். ஞாயித்துக்கெழமைங்கள்ல வா. பழகட்டும். ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள கூட்டிகினு போ."

அவன் பழகக் கண்டுபிடித்த வழிதான் ரயில். பிரியாவுக்கு ரயில் என்றால் உயிர். அம்பத்தூர் ஸ்டேஷன் பக்கம் போனால் இரண்டு வண்டியாவது பார்க்காமல் வீட்டுக்கு வரமாட்டாள். "அப்பா உனுக்கு ஒரு கரி எஞ்சின் செஞ்சு தர்றேன். மேல ஏறி உக்காந்து ஓட்டலாம்," என்றான் அவளிடம். "அது முடிஞ்ச அன்னிக்கி நாம ரெண்டு பேரும் நெஜ ரயில் ஏறி நம்ம ஊட்டுக்குப் போலாம். சரியா?" அவளும் சரி என்று அவன் விரலில் தன் விரலைக் கோத்துக்கொண்டாள். நான் அப்போது சேமியா கிளறிக்கொண்டிருந்தேன். அடி பிடித்துவிட்டது.

ஆக, அந்த ரயில் எப்போது முடிகிறதோ அப்போது என் வீடு காலி. அதை மனதில் வைத்துக்கொண்டு மேற்கொண்டு கேளுங்கள்.

முதல் ஞாயிறு ஒரு பிளைவுட் பலகையில் படம் போட்டான். எஞ்சினுக்கு ஆறு சக்கரம், டிரைவர் நிற்கிற கூண்டு, புகைபோக்கி, நீளமாக உருண்டை பாய்லர். பின்னால் கொக்கி போட்டு மாட்டுகிற டெண்டர். நிஜ எஞ்சினில் கரியும் தண்ணீரும் அந்தப் பெட்டியில்தான் போகுமாம். இதில் அதன் மேல் ஒரு பலகை அடித்து, பிரியா உட்காருவதற்கு இடம். இரண்டாம் ஞாயிறு சக்கரங்களைக் கடைந்தான். பிரியா மெஷினுக்கு நான்கடி தள்ளி ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். தலையெல்லாம் மரத்தூள். ஒவ்வொரு ஞாயிறும் அவளுக்கு அந்த ஸ்டூல்தான், சோறுகூட அங்கேயே ஊட்டுவேன்.

நான் என்ன செய்தேன் என்றால், கொஞ்சம் தாமதப்படுத்தினேன். சக்கரம் ஆடுகிறது என்று அச்சைக் கழற்றி வைத்தேன். ஆடவில்லை. சிவப்பு பெயிண்ட் காயவில்லை, இன்னொரு கோட்டிங் வேண்டும் என்றேன். புகைபோக்கியை விறகுக் கூடையில் போட்டுவிட்டு, அவனோடு சேர்ந்து நானும் தேடினேன். டெண்டரின் பலகையில் விரிசல் என்று சொல்லி ஒரு வாரம் கையில் வைத்துக்கொண்டேன். அப்போதுதான் பிரியாவுக்குப் பட்டி வைக்கக் கற்றுக்கொடுத்தேன். சுண்டுவிரலால் அழகாக வழிப்பாள். வைத்த பிறகு சைக்கிள் டியூபை இழுத்துச் சுற்றி இரண்டு நாள் விட வேண்டும் என்பதையும் ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள். எங்கள் கைவாகு அப்படி.

விஷ்ணு ஒருநாளாவது முகம் சுளித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "பரவால்லக்கா. நீ சொன்னா கரெக்டாத்தான் இருக்கும்," என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பான். அப்படியே பதினோரு ஞாயிறு ஓட்டிவிட்டேன்.

பாய்லர் மட்டும் பாக்கி. அதற்குக் கனமான மரம் வேண்டும். பதினோராம் ஞாயிறு பூந்தமல்லியிலிருந்து இரண்டு பூவரசங்கட்டை வாங்கி வந்தான். ஒரே மரத்தில் அறுத்தது, இரட்டைப் பிள்ளை மாதிரி இருக்கும். ஒன்று உள்ளே விரிசல் விட்டிருந்தது. அவன் விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, காது கொடுத்துக் கேட்டு, சாக்பீஸால் பெரிய பெருக்கல் குறி போட்டு ஓரமாக வைத்தான். எங்கள் பட்டறையில் அது ஒரு வழக்கம். கெட்ட கட்டைக்குப் பெருக்கல் குறி. யார் போட்டாலும் மற்றவர் அதை அழிக்கக்கூடாது. குறி போட்ட கட்டையை யாரும் மெஷினில் ஏற்றமாட்டார்கள், குறி இல்லாததை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். சுழல்கிற மெஷினில் விரிசல் விட்ட கட்டை என்ன செய்யும் என்று எங்களுக்கெல்லாம் தெரியும். என் வீட்டுக்காரரின் இடது காது ஏன் பாதி இருக்கிறது என்று நீங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

"அடுத்த வாரம் பாய்லர் ஏத்திட்டா முடிஞ்சுதுக்கா," என்றான் விஷ்ணு. "திங்கக்கெழம நல்ல நாளாம். அங்க ஸ்கூல்ல சீட்டும் போட்டாச்சு, யூனிபாரம் தச்சாச்சு." பிரியா ஸ்டூலிலிருந்து குதித்து இறங்கி, பையில் எதையெல்லாம் எடுத்து வைப்பது என்று என்னிடமே கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை நான் ஒரு ஈரத் துணியை எடுத்துக்கொண்டு போய் அந்தக் குறியைத் துடைத்தேன். பிறகு விரிசலில் பட்டி வைத்தேன். பூவரசந்தூளையே சலித்து, பசையில் குழைத்து, சுற்றி டியூப் கட்டி, இரண்டு நாள் விட்டுத் தேய்த்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக ஒரு பட்டி வைத்ததில்லை. நல்ல கட்டைமேல் பெருக்கல் குறி போட்டேன். குறியை இடம் மாற்றி வைத்தேன், அவ்வளவுதான்.

ஏன் என்று கேட்பீர்கள். இன்னும் ஒரு வாரம் வேண்டியிருந்தது. கட்டை உடையும், இன்னொரு கட்டை தேட வேண்டும், அந்த ஒரு வாரம் எனக்கு மிச்சம். அதற்கப்புறம் வேறு ஏதாவது வழி பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். இதை நான் எனக்குள் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன், சரியாகத்தான் வருகிறது.

பன்னிரண்டாம் ஞாயிறு. என் வீட்டுக்காரரும் பிரியாவும் செருப்பு வாங்க ஆவடிக்குப் போயிருந்தார்கள். விஷ்ணு பத்து மணிக்கு வந்தான். இட்லி வைத்தேன், நான்கு சாப்பிட்டான். கட்டையைத் தூக்கி முட்டியால் தட்டினான். நான் அந்த நேரம் பார்த்து உப்புத்தாள் மெஷினை ஓடவிட்டிருந்தேன்.

"அக்கா, ஒரு நிமிஷம் அத நிறுத்தேன். சத்தம் கேக்கல."

"அவரு நேத்தே தட்டிப் பாத்துட்டாரு. நீ போடு," என்றேன்.

என் வீட்டுக்காரரை அவன் அண்ணாத்தே என்பான். அண்ணாத்தே பார்த்துவிட்டார் என்றால் அவனுக்கு அதற்கு மேல் பேச்சில்லை. கட்டையை மெஷினில் ஏற்றி இறுக்கினான். பிறகு சுவரைப் பார்த்தான். முகத்துக்கு மாட்டுகிற கண்ணாடித் தகடு வழக்கமாக அங்கேதான் தொங்கும்.

"ஷீல்டு எங்கக்கா?"

"ஒரே பிசுக்கா இருந்துச்சு. கழுவி மாடில காய வெச்சிருக்கேன். எடுத்தாரட்டா?"

"வாணாம்க்கா. பத்து நிமிஷ வேல."

கேட்டேன் மேடம். எடுத்து வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றது அவன்தான். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில் மரம் நன்றாகத்தான் சுற்றியது. மேல்பட்டை சீவிச் சீவி விழுந்தது. உருண்டை வர ஆரம்பித்தது. பட்டி தாங்கிவிடும் போலிருக்கிறதே என்றுகூட நினைத்தேன், என் வேலைதானே, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அவன் வேகத்தைக் கூட்டினான். பிறகு பலகை கீழே விழுவது மாதிரி ஒரு சத்தம். கட்டை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி சுவரில் அடித்தது. இன்னொரு பாதி அவன் நெற்றியில்.

மெஷினை நிறுத்தினேன். சும்மா ஓடக்கூடாது, பேரிங் போய்விடும். நல்ல கட்டைமேல் நான் போட்டிருந்த குறியைத் துடைத்தேன். அதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. பிறகு 108க்குப் போன் செய்தேன். ஆம்புலன்ஸ் வருவதற்குள் அவன் ஒரே ஒரு வார்த்தை பேசினான். அதைப் பிறகு சொல்கிறேன். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் உயிர் போய்விட்டது.

காரியமெல்லாம் திருநின்றவூரில் நடந்தது. பிரியாவை அனுப்பவில்லை. அப்பா வெளியூருக்கு வேலைக்குப் போயிருக்கிறார் என்று சொன்னேன். அவளுக்கு அது பழகின விஷயம், தலையாட்டினாள். அந்தப் பெண் ஒருமுறை வந்தாள். தைத்து வைத்திருந்த யூனிபார்மைப் பிரியாவின் கையில் கொடுத்துவிட்டு, வாசலிலேயே நின்று அழுதுவிட்டுப் போனாள். நான் உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை.

என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அன்று நீங்கள் போன பிறகு அவர் அந்த இரண்டு பாதியையும் கையில் எடுத்தார். பிளந்த பக்கத்தில் பாதி தூரத்துக்குப் பசை காய்ந்து மஞ்சளாகப் பளபளத்தது. பேட்டர்ன் செய்கிறவருக்கு அதற்கு மேல் யாரும் விளக்க வேண்டியதில்லை. நெடுநேரம் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. இரண்டையும் சாக்கில் சுற்றி வேலை மேஜைக்கு அடியில் தள்ளினார். நெருப்பில் போட்டிருக்கலாம், போடவில்லை.

அன்றிலிருந்து எல்லாவற்றையும் தட்டிப் பார்க்கிறார். கதவைத் திறக்கும் முன் தட்டுகிறார். நாற்காலியைத் தட்டிவிட்டு உட்காருகிறார். நான் சோறு வைத்தால் தட்டின் ஓரத்தில் விரல் முட்டியால் இரண்டு தட்டு, காதைச் சாய்த்து ஒரு கேட்பு, அப்புறம்தான் சாப்பாடு. ஐந்து மாசமாக என்னிடம் அவர் பேசுவதெல்லாம் அந்தச் சத்தம்தான். வாயைத் திறந்து நாலு திட்டு திட்டியிருக்கலாம் இந்த மனுஷன். தாங்கியிருப்பேன். கோயிலில் மணி அடித்தால்கூட யாரோ தட்டிப் பார்க்கிறார்கள் என்றே இருக்கிறது.

பிரியா அதையெல்லாம் கவனிக்கவில்லை. அவளுக்கு ஒரே கேள்விதான். "ரயில் எப்போ பெரிம்மா முடியும்? முடிஞ்சாத்தான அப்பா வருவாரு?"

அவன் செத்தும் அந்தப் பேச்சு உயிரோடு இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மறுபடி தாமதப்படுத்த ஆரம்பித்தேன். பெயிண்ட் காயவில்லை. சக்கரம் ஆடுகிறது. பாய்லருக்கு மரம் கிடைக்கவில்லை. யாரிடமிருந்து காப்பாற்ற இந்த வேலையைச் செய்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை, ஆனால் கை தானாகச் செய்தது.

இன்று காலை பட்டறைக்குள் கூப்பிட்டாள். தரையில் ரயில் நின்றது. ஆறு சக்கரம், கூண்டு, புகைபோக்கி, பின்னால் டெண்டர், எல்லாம் இடத்தில் இருந்தது. நடுவில் பாய்லர். மேஜைக்கு அடியில் இருந்த சாக்கை இழுத்து, இரண்டு பாதியையும் எடுத்துப் பசையும் தூளும் வைத்து ஒட்டி, சைக்கிள் டியூப் சுற்றி, இரண்டு நாள் எங்களுக்குத் தெரியாமல் காயவைத்திருக்கிறாள். உப்புத்தாளும் போட்டிருக்கிறாள். ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் கறுப்பாக இருந்தது. அது என்ன கறை என்று எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது.

"தடவிப் பாரு பெரிம்மா. விரிசலே தெரியல, பாத்தியா?"

தடவிப் பார்த்தேன். தெரியவில்லைதான். என்னைவிடச் சுத்தமாக வைத்திருக்கிறாள்.

பிறகு அந்த யூனிபார்மை மாட்டிக்கொண்டாள். பள்ளிப் பையில் துணியை அடைத்துக்கொண்டாள். ரயிலை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போய் டெண்டரில் ஏறி உட்கார்ந்தாள். ரயில் முடிந்துவிட்டது, அப்பா வருவார். வெயில் ஏறினது. சாப்பிடக் கூப்பிட்டேன், அசையவில்லை. என் வீட்டுக்காரர் போய்ப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பாய்லரை விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டினார். காதைச் சாய்த்தார். அப்புறம் நிமிர்ந்து, ஐந்து மாசத்தில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். "நீ போய்ச் சொல்றியா, நான் போவட்டா?" என்றார். நான் புடவையை மாற்றிக்கொண்டு ஷேர் ஆட்டோ ஏறினேன். அப்போதும் அவள் தெருமுனையையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதுதான் மேடம் நடந்தது. அவன் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. எனக்கு ஒரு வாரம் வேண்டியிருந்தது. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த ஒரு வார்த்தை பாக்கி இருக்கிறது. கீழே விழுந்து கிடந்தபோது விஷ்ணுவின் கை ஸ்டூல் பக்கம் தரையைத் துழாவியது. ரத்தம் கண்ணில் இறங்கி அவனுக்குச் சரியாகத் தெரியவில்லை. "பாப்பா மேல பட்டுச்சாக்கா?" என்றான்.

பாவமாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். "இல்லப்பா, பயப்படாத," என்றேன். "அவ இங்க இல்ல. இன்னிக்கி இங்க இருக்கக் கூடாதுன்னு நான்தான் காலையிலயே ஆவடிக்கு அனுப்பிட்டேன்."

அவன் துழாவுவதை நிறுத்தினான். முகத்தை என் பக்கம் திருப்பினான். ஆம்புலன்ஸ் வரும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.